ஜாடியின் அடியில் கசப்பு

“வாயில போட்டுப் பாரு” என்றாள் இன்ஸ்பெக்டர் வசீலா.

லசாத் மேஜையிலிருந்த ஜாடியைப் பார்த்தான். பச்சை மெருகு பூசிய, கழுத்து ஒடுங்கிய பழைய மண் ஜாடி. உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ பொடி. தினமும் காலையில் அதைச் சாப்பிட்டு வந்த எம்னா என்ற இளம்பெண், இந்த வாரத் தொடக்கத்தில் இதே மருத்துவமனையின் மேல்மாடியில், ஆபரேஷன் மேஜையில் செத்துப் போயிருந்தாள்.

“மேடம், தூனிஸ்ல லேப்னு ஒண்ணு இருக்கு. இதுக்குன்னே சம்பளம் வாங்கிக்கிட்டு ஆளுங்க உட்கார்ந்திருக்காங்க.”

“அவங்க பதில் சொல்ல ஒரு மாசம் ஆகும். உன் நாக்குக்கு அவ்வளவு நேரம் ஆகாது.”

“எனக்குப் பொண்டாட்டி இருக்கா.”

“அவகிட்ட நான் பேசிக்கறேன்.”

லசாத் விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்தான். வறுத்த கோதுமை, வறுத்த கொண்டைக்கடலை, சோம்பு, கொஞ்சம் வெந்தயம். கண்ணை மூடிக்கொண்டு மறுபடி ஒரு சிட்டிகை எடுத்தான்.

“மேடம், இது பசீசா. எங்க வீட்டுல தினம் காலையில ஆலிவ் எண்ணெய் விட்டுக் குழைச்சு, பேரீச்சம்பழத்தோட தின்கிற மாவு. இதைத் தின்னு செத்தாங்கன்னா இந்த நாட்டுல ஒருத்தரும் மிச்சமிருக்க மாட்டாங்க.”

எதிரே உட்கார்ந்திருந்த டாக்டர் ஷெத்லி சிரிக்கவில்லை. எம்னாவுக்கு மயக்க மருந்து கொடுத்தவர் அவர்தான். பித்தப்பைக் கல்லை எடுக்க நடந்து வந்த என் தங்கையைத் துணி மூடிக் கொடுத்தார்கள் என்று எம்னாவின் அக்கா ஹெந்தா புகார் கொடுத்திருந்தாள். இன்று மாலை அரசு வக்கீல் முன் டாக்டர் நிற்க வேண்டும். நின்றால் வீட்டுக்குத் திரும்புவது சந்தேகம். ஸ்ஃபாக்ஸ் நகரமே அவர் பெயரைச் சொல்லித் துப்பிக்கொண்டிருந்தது.

“திரும்ப ஒரு தடவை சொல்லுங்க டாக்டர்” என்றாள் வசீலா. “சுருக்கமா. லசாத்துக்குப் புரியற மாதிரி.”

“அவளுக்கு லூபஸ்” என்றார் ஷெத்லி. “தன் உடம்பையே எதிராளின்னு நினைச்சு அடிக்கிற நோய். மூட்டு, கிட்னி, நுரையீரல், எங்க வேணா அடிக்கும். இந்த மாதிரி ஆளை மயக்கத்துல போடறதுக்கு முன்னாடி நான் நாலு தடவை யோசிப்பேன். விரல் குளிர்ல நீலமாகும்னு தியேட்டரைச் சூடா வெச்சேன். குரல் கரகரன்னு இருந்துச்சு, தொண்டை மூட்டுல வீக்கம் இருக்கும்னு சின்னக் குழாயா எடுத்து வெச்சேன். ரத்தம் கட்டிக்கும்னு கால்ல இறுக்கமான உறை மாட்டினேன். எல்லாம் சரியாத்தான் போச்சு. கத்தி வெச்ச கொஞ்ச நேரத்துல ரத்த அழுத்தம் விழ ஆரம்பிச்சுது. ஏத்தற மருந்து எதுக்கும் ஏறல. நான் நுரையீரல்ல ரத்தக்கட்டான்னு தேடினேன், இதயத்துல நீரான்னு தேடினேன்.”

“அங்க இல்ல.”

“இல்ல. கார்ட்டிசோன் ஊசி போட்டிருக்கணும். கடைசியில போட்டேன். அப்ப எல்லாம் முடிஞ்சிருந்துச்சு.”

லசாத் கை தூக்கினான். “கார்ட்டிசோன்னா அந்த ஸ்டீராய்டு மாத்திரைதானே? ஊசி எதுக்கு?”

“மனுஷ உடம்பே அதைச் சுரக்கும். வருஷக்கணக்கா வெளியிலிருந்து மாத்திரையாக் கொடுத்தா, சுரக்கிற வேலையை உடம்பு மறந்துடும். ஆபரேஷன்னு வந்தா உடம்புக்கு அது பல மடங்கு வேணும். சுரக்கத் தெரியாத உடம்புக்கு நாங்கதான் ஊசியில கொடுக்கணும். கொடுக்கலன்னா இப்படித்தான்.”

“ஹோட்டல் சாப்பாட்டுலயே வளர்ந்தவன் வீட்டுல, கல்யாணக் கூட்டம் வந்து இறங்கின மாதிரி. ஹோட்டலும் பூட்டிக் கிடக்கு.”

“நீ வாயை மூடினா நல்லாயிருக்கும்” என்றாள் வசீலா. “ஆனா சரியாச் சொன்ன. டாக்டர், இவ்வளவு தெரிஞ்ச நீங்க முதல்லயே ஏன் போடல?”

ஷெத்லியின் கை மேஜை விளிம்பைப் பிடித்தது.

“கேட்டேன். மாத்திரை எவ்வளவு சாப்பிடறீங்கன்னு கேட்டேன். சிரிச்சா. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு டாக்டர், எல்லாத்தையும் கடல்ல வீசிட்டேன், ஹாஜி ஷாபானோட பொடியிலேயே குணமாயிட்டேன்னா. வெளியே வந்து புருஷன்கிட்டயும் தனியாக் கேட்டேன். ‘என் மனைவி பொய் சொல்ல மாட்டா டாக்டர்’னு சொன்னார். ஒரு வருஷத்துக்கு மேலன்னா உடம்பு பழைய வேலையைக் கத்துக்கிட்டிருக்கும். ஊசி தேவையில்ல.”

வசீலா லசாத்தைப் போனை நீட்டச் சொன்னாள். அதில் எம்னா ஊருக்கெல்லாம் காட்டிய படங்கள் இருந்தன. கல்லூரி வாசலில் நீள முகமும் துருத்திய கன்ன எலும்புமாக ஒரு பெண். நோய் வந்த பிறகு, கன்னம் உப்பி வட்டமான முகம். கடைசியாகப் போன மாதம் கடற்கரையில், ஹாஜிக்கு நன்றி என்று எழுதிப் போட்ட படம்.

“கார்ட்டிசோன் சாப்பிட்டா முகம் பௌர்ணமி மாதிரி ஆகும். சரியா டாக்டர்?”

“சரி.”

“நிறுத்தினா?”

“சில மாசத்துல வாடிடும்...” ஷெத்லி போனை வாங்கினார். படத்தைப் பெரிதாக்கினார். அவர் முகத்தில் இருந்த கொஞ்ச ரத்தமும் இறங்கியது.

“மாத்திரை நின்னு ஒரு வருஷம். நிலா தேயவே இல்ல” என்றாள் வசீலா.

“அவ முக அமைப்பே அப்படின்னு நினைச்சேன்.”

“எல்லாரும் அப்படித்தான் நினைச்சாங்க. இந்த ஜாடி உங்ககிட்ட எப்படி வந்துச்சு?”

“அவ பையில இருந்துச்சு. என்ன தின்னாங்கற ஆத்திரத்துல நான் எடுத்து வெச்சேன். புருஷன் வந்தப்ப மோதிரம், போன், துணியெல்லாம் கொடுத்தாங்க. அதை எதையும் அவர் பார்க்கக்கூட இல்ல, ஜாடி எங்கேன்னார். நேத்தும் ஆள் அனுப்பினார். எம்னாவோட அம்மா ஜாடியாம், ஞாபகத்துக்கு வேணுமாம்.”

வசீலா ஜாடியை இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

ஹாஜி ஷாபானின் நாட்டு மருந்துக் கடை பழைய நகரத்துச் சந்தில், மசாலா மூட்டைகளுக்கு நடுவே இருந்தது. உலர்ந்த உடும்பு ஒன்று வாசலில் தொங்கியது. ஹாஜி வெள்ளைத் தாடியை நீவிக்கொண்டு, முட்டிவலிக்காரி ஒருத்தியிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். பின்னால் இன்னும் மூன்று பெண்கள் காத்திருந்தார்கள்.

“ஹாஜி” என்றாள் வசீலா, தேவைக்கு மேல் சத்தமாக. “உங்க லூபஸ் பொடியில விஷம் இருந்துச்சாம். போலீஸ்.”

“என் பொடியா? மகளே, அந்தப் பொடி சாகக் கிடந்தவளை எழுப்பி உட்கார வெச்சுது.”

“அப்ப சக்தியுள்ள மருந்து.”

“மலையைப் பெயர்க்கும்.”

“சக்தியுள்ள மருந்துதான் ஹாஜி ஆளைக் கொல்லும். லசாத், விலங்கு கொண்டு வந்தியா?”

“ரெண்டு இருக்கு மேடம். பெரியவர் கை சின்னக் கை, ஒண்ணே போதும்.”

ஹாஜி காத்திருந்த பெண்களைப் பார்த்தார். விலங்கைப் பார்த்தார். குனிந்து, குரலை இறக்கினார். “அது யாரையும் கொல்லாது.”

“ஏன்?”

“மெதுவாப் பேசு மகளே.”

“ஏன் கொல்லாதுன்னு கேட்டேன்.”

“அதுல ஒண்ணும் இல்ல. வெறும் பசீசா. மேல கொஞ்சம் கருஞ்சீரகம்.”

“இந்த வாக்குமூலத்தை நான் பிரேம் போட்டு மாட்டப் போறேன்” என்றான் லசாத்.

வசீலா சிரிக்கவில்லை. “எம்னாவே வந்து வாங்குவாளா?”

“முதல் தடவை வந்தா. அப்புறம் மாசாமாசம் புருஷன்தான். ஃபார்மசியில வேலை பார்க்கிற பையன், மரியாதையானவன். ஆபரேஷனுக்கு முன்னாடி அவளே ஒரு தடவை வந்தா. ஒரு தட்டு மக்ரூத் பலகாரம் கொண்டு வந்து, என் கையைப் பிடிச்சு முத்தம் கொடுத்தா. பிரான்ஸ்ல, லியோன்ல வேலை கிடைச்சிருச்சு, கல்லை எடுத்ததும் கிளம்பறேன், அங்கேயும் பொடி அனுப்பணும்னா.” ஹாஜியின் கண் பனித்தது. “இன்னொண்ணும் கேட்டா. ஹாஜி, முன்னெல்லாம் பொடி அப்படிக் கசக்கும், தேன் ஊத்தித்தான் விழுங்குவேன், இப்ப கொஞ்ச நாளா இனிக்குதே, ஏதாவது மாத்தினீங்களான்னா.”

வசீலா கையிலிருந்த ஜாடியைப் பார்த்தாள்.

“உங்க பொடி கசக்குமா?” என்றாள் வசீலா.

“என்னைக்கும் கசக்காது.”

“அதை அவகிட்ட சொன்னீங்களா?”

ஹாஜி தாடிக்குள் விரலை விட்டார். “கசந்தது பொடியில்ல மகளே, உன் நோய்னு சொன்னேன். நோய் போயிடுச்சு, அதான் நாக்குக்கு இனிக்குதுன்னு சொன்னேன்.” அவர் தலை குனிந்தது. “அவ்வளவு சந்தோஷமாக் கேட்டா. எனக்கு வேற சொல்ல வரல.”

“ஒரு வார்த்தை, ‘என் பொடி கசக்காது’ன்னு சொல்லியிருந்தா, அவ யோசிச்சிருப்பா. டாக்டர்கிட்ட கேட்டிருப்பா. இன்னைக்கு உயிரோட இருந்திருப்பா.” வசீலா அதைக் காய்கறி விலை சொல்வது போலச் சொன்னாள். “உங்க வாடிக்கைக்காரங்க காத்திருக்காங்க. பாருங்க.”

சந்து முனையில் வசீலா நின்று, ஜாடியை லசாத்திடம் கொடுத்தாள்.

“கையை உள்ளே விடு. அடியிலேர்ந்து எடு.”

“காலையில தின்னது பத்தலையா மேடம்?”

“நீ பிஸெர்த்துக்காரன், உனக்குத் தெரியாது. எங்க ஊர்ல பசீசா ஜாடியைக் காலி பண்ண மாட்டாங்க. அடியில ஒரு கை மாவு எப்பவும் இருக்கணும். வழிச்சுக் கொட்டினா வீட்டுச் செழிப்பே, பரக்கத்தே போயிடும்பாங்க. புதுசை அதுக்கு மேலதான் கொட்டுவாங்க. அதுவும் அம்மா கொடுத்த ஜாடின்னா, தூக்கிக் கவிழ்க்கிறவன் கையை உடைச்சிருப்பா.”

“உங்க ஊர்க்காரங்க எதையும் கீழே போட மாட்டாங்கன்னு தெரியும். அதுக்கு இப்படி ஒரு பேரு வெச்சிருக்கீங்கன்னு தெரியாது.” ஒடுங்கிய கழுத்துக்குள் கையைத் திணித்து, பொடியைத் துளைத்து அடி வரை போனான். நகக்கண்ணில் ஏறியதை நாக்கில் வைத்தான்.

அடுத்த கணம் சுவரோரம் குனிந்து துப்பினான். துப்பியும் போகவில்லை. தொண்டையின் அடி வரை இறங்கிய கசப்பு.

“கார்ட்டிசோன் மாத்திரையை மென்னா இப்படித்தான் இருக்கும்” என்றாள் வசீலா, ஜாடியைத் திரும்ப வாங்கிக்கொண்டு. “எங்க அக்காவுக்கு ஆஸ்துமா, எனக்குத் தெரியும். வா, துக்கம் விசாரிக்கப் போவோம்.”

எம்னா வீட்டு முற்றத்தில் வாடகை நாற்காலிகள் போட்டிருந்தார்கள். ஓதுகிறவர் போய்விட்டிருந்தார். காலிக் காப்பிக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டிருந்த ஹெந்தா, போலீஸைப் பார்த்ததும், “அந்த டாக்டரை உள்ளே போட்டாச்சா?” என்று மட்டும் கேட்டாள். வசீலா பதில் சொல்லாமல் சமையலறைக்குள் போனாள். எம்னாவின் கணவன் அனீஸ் அங்கே தனியாக நின்றிருந்தான். சவரம் செய்யாத, ஒல்லியான, சாதுவான முகம். ஜாடியைப் பார்த்ததும் அந்த முகம் ஒரு கணம் மலர்ந்தது. பிறகு லசாத்தின் கையில், மணிக்கட்டு வரை ஒட்டியிருந்த மாவைப் பார்த்தான்.

“உட்காருங்க அனீஸ்” என்றாள் வசீலா. “எப்பலேர்ந்து கலந்தீங்க?”

அவன் மறுக்கவில்லை. எப்போது கேட்பார்கள் என்று காத்திருந்தவன் போல ஸ்டூலில் உட்கார்ந்தான்.

“அவ மாத்திரையைக் கடல்ல வீசின மறுநாள்லேர்ந்து. அந்த வட்ட முகம் அவளுக்குப் பிடிக்கல மேடம். கண்ணாடியையெல்லாம் துணி போட்டு மூடி வெச்சிருந்தா. சொல்லிப் பார்த்தேன், கெஞ்சினேன். இனிமே ஒரு மாத்திரையைக் கண்ணுல காட்டினா அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்னா. மாத்திரை இல்லன்னா ஒரு மாசம் தாங்க மாட்டா. கிட்னி போயிடும். நான் கடையிலேர்ந்து எடுத்துட்டு வந்து, அவ தூங்கினப்புறம் அம்மியில அரைச்சுக் கலந்தேன்.”

“ஒரு வருஷமா.”

“ஒரு வருஷமா. நல்லா நடந்தா. படி ஏறினா. கடல்ல குளிச்சா. முகம் மட்டும் வத்தல, அதுவும் போகப்போக வத்தும்னு இருந்தா. எல்லாம் ஹாஜியோட கைராசின்னு ஊரெல்லாம் சொன்னா.” சிரிக்க முயன்றான். “சொல்லட்டும்னு விட்டுட்டேன். அவ இருந்தாப் போதும்னு இருந்துச்சு.”

விலங்கு போட வந்த லசாத்தின் கைக்கு இவன் தோளில் கொஞ்சம் தட்டிக் கொடுக்கலாமா என்று தோன்றியது. டாக்டர் கேட்டபோது இவன் வாய் திறந்திருக்கலாம். ஆனால் எம்னா பக்கத்து அறையில் இருந்தாள், கேட்டிருப்பாள், போய்விட்டிருப்பாள். பயந்தவன் செய்யும் தப்பு. தன் பெண்டாட்டி விஷயத்தில் தானும் அப்படித்தான் நின்றிருப்போம் என்று நினைத்தான்.

“மேடம்” என்றான் மெல்ல. “டாக்டருக்குச் சொல்லிடலாம். இது விபத்து.”

“பொறு” என்றாள் வசீலா. அவள் ஜாடியைக் கீழே வைக்கவேயில்லை. “அனீஸ், லியோனுக்கு டிக்கெட் ஒண்ணா, ரெண்டா?”

அனீஸ் முற்றத்துப் பக்கம் பார்த்தான்.

“கேட்டேன்.”

“ஒண்ணு.”

“எப்ப சொன்னா?”

“டாக்டர் ஆபரேஷன் தேதி குறிச்ச அன்னைக்கு. இதே இடத்துல நின்னு சொன்னா.” அவன் குரல் மாறவில்லை. “நீ நல்ல நர்ஸ் அனீஸ், ஆனா எனக்கு இப்ப உடம்பு சரியாயிடுச்சுன்னா. குணமானவளுக்கு நர்ஸ் எதுக்குன்னா. சிரிச்சுக்கிட்டே சொன்னா மேடம், கெட்ட எண்ணமே இல்ல. அவளை நிக்க வெச்சது நான். நின்னதும் நடந்துட்டா.”

“அப்ப ஜாடியில புதுப் பொடி கொட்டினீங்க. மாத்திரை கலக்காத பொடி.”

லசாத் திரும்பி வசீலாவைப் பார்த்தான். மேலே இனிப்பு, அடியில் கசப்பு. இதை அவன் நாக்கு காலையிலிருந்து இரண்டு முறை சொல்லியிருக்கிறது. கலந்த வரைக்கும்தான் அவன் கேட்டுக்கொண்டான். கலப்பதை நிறுத்தியது அவன் காதில் விழவில்லை.

“கொட்டினேன்” என்றான் அனீஸ். “பழசைக் கவிழ்க்க விடல அவ. பரக்கத் போயிடும்னா.”

“அதுக்கப்புறம் அவளுக்கு எப்படி இருந்துச்சு?”

“சோர்வா இருக்குன்னா. குமட்டுதுன்னா. கல்லு பண்ற வேலைன்னு அவளே சொல்லிக்கிட்டா.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“ஆமான்னேன்.”

முற்றத்தில் கோப்பைகள் ஒன்றோடொன்று உரசும் ஓசை கேட்டது. அது திடீரென்று நின்றது. சமையலறைத் திரைக்குப் பின்னால் ஹெந்தா நிற்பது அடியில் தெரிந்த அவள் பாதத்திலிருந்து தெரிந்தது.

“மாத்திரையை நிறுத்திட்டு ஆபரேஷனுக்குப் போனா என்ன ஆகும்னு உங்களுக்குத் தெரியுமா?” என்று கேட்டாள் வசீலா.

“கடைக்கு வாங்க வர்றவங்க எல்லாருக்கும் நான்தான் சொல்லுவேன். திடீர்னு நிறுத்தக் கூடாது, ஆபரேஷன்னா டாக்டர்கிட்ட கண்டிப்பாச் சொல்லணும்னு. பாட்டி தாத்தா வந்தா ரெண்டு தடவை சொல்லுவேன்.”

“டாக்டர் உங்களைத் தனியாக் கூப்பிட்டுக் கேட்டார்.”

“நான் பொய் சொல்லல மேடம். என் மனைவி பொய் சொல்ல மாட்டான்னேன். அவ சொன்னதும் இல்ல.” அவன் தன் இரண்டு கைகளையும் மடியில் விரித்து வைத்துப் பார்த்தான். “நான் அவளுக்கு எதையும் கொடுக்கல. நல்லா எழுதிக்கங்க. ஒரு வருஷம் கொடுத்தேன், யாரும் கேட்கல. கொடுக்கறதை நிறுத்தினேன், அவ்வளவுதான். அவதான் குணமாயிட்டேன்னாளே. குணமாயிருந்தா எழுந்து வந்திருப்பாளே.”

திரை விலகியது. ஹெந்தா அழவில்லை, கத்தவில்லை. நேரே வந்து லசாத்தின் கையிலிருந்த விலங்கைத் தொட்டாள். “போடுங்க” என்றாள். “எதுக்குப் பார்த்துக்கிட்டு நிக்கறீங்க?”

லசாத் போட்டான். அவனுக்கு எப்போதும் அந்த நேரத்தில் சொல்ல ஏதாவது இருக்கும். இன்று நாக்கில் கசப்பு மட்டும்தான் இருந்தது.

வண்டியில் அனீஸைப் பின்னால் ஏற்றிய பிறகு, வசீலா லசாத்தை டாக்டருக்குப் போன் செய்யச் சொன்னாள். நல்ல சேதி சொல்லும் வேலையை அவள் எப்போதும் அவனிடம்தான் விடுவாள்.

“டாக்டர், நீங்க அரசு வக்கீல்கிட்ட பயப்படாமப் போகலாம்” என்று ஆரம்பித்து, எல்லாவற்றையும் சொன்னான். ஜாடியை, கசப்பை, டிக்கெட்டை. மறுமுனையில் ஷெத்லி குறுக்கே பேசவில்லை.

“டாக்டர்? உங்க மேல தப்பில்ல. புரியுதா?”

“ஊசி போடறதுக்குத் தயாரா ஏத்தி வெச்சிருந்தேன்” என்றார் ஷெத்லி.

“என்ன?”

“கார்ட்டிசோன் ஊசி. லூபஸ்னதும் முதல் வேலையா அதைத்தான் ஏத்தினேன். படுத்திருந்தவ பார்த்துட்டா. அது என்னன்னு கேட்டா, சொன்னேன். வேண்டாம் டாக்டர், அந்த விஷத்தை விட்டொழிச்சு ஒரு வருஷமாச்சு, மறுபடி உள்ளே விடாதீங்கன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. ஒரு நாள் போட்டா ஒண்ணும் ஆகாதும்மான்னேன். அவ முகம் வாடிப்போச்சு.”

லசாத் போனைக் காதோடு இன்னும் அழுத்தினான்.

“சரின்னு எடுத்து ட்ரேயில வெச்சேன். அவ சிரிச்சா. அந்தச் சிரிப்போடதான் தூங்கினா. எல்லாம் முடியற வரைக்கும் அந்த ஊசி அங்கேயே, என் கைக்கு எட்டற தூரத்துல இருந்துச்சு.”

போன் அணைந்தது. லசாத் அதைச் சட்டைப் பையில் போட்டான்.

“என்ன சொன்னார்?” என்றாள் வசீலா, வண்டியைக் கிளப்பிக்கொண்டே.

“நன்றி சொன்னார் மேடம்.”